வாய்க்கு ஒரு சாண் மேலே

போடியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள் மூன்று பேர், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு, வரைந்து மாட்டிய படம் பார்க்கவும் கறிச்சோறு தின்னவும் ஒயின் ருசிக்கவும் போனார்கள் என்றும், அவர்கள் போன அன்றைக்குத்தான் அந்தப் பள்ளத்தாக்கில் தூக்கி ஊற்றியது எதுவும் கீழே விழாமல் அந்தரத்தில் நின்றது என்றும் இப்போது பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்தி நான். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதையாவது விட்டுவிட்டோமோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டே இருக்கும்.

மற்ற இரண்டு பேரில் ஒருத்தி தங்கபுஷ்பம். எங்கள் தெருக்காரி, பேச ஆரம்பித்தால் கோயில் மணி அடித்தால்தான் நிறுத்துவாள். இன்னொருத்தி வீருசின்னம்மாள், மேலத்தெரு, எங்களைவிட மூத்தவள், நாங்கள் சின்னக்கா என்று கூப்பிடுவோம். என் மகள் ரேணுகா பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து, ஏலக்காய் ஸ்டோரில் ஒரே வரிசையில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, பச்சையைத் தனியாக, வெடித்ததைத் தனியாக, சுருங்கியதைத் தனியாகப் பொறுக்கிப் போட்டவர்கள் நாங்கள். சின்னக்காவின் புருசன் குடித்தே செத்த கதை முழுவதும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு கேரளாவுக்குப் போய்த் திரும்பி வந்த கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் என் கூடையையும் இழுத்து வைத்துக்கொண்டு அவள்தான் பொறுக்கியிருக்கிறாள்.

ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்டோரில் டீ காகிதக் கப்பில் வரும், குடித்துக் கசக்கி எறிந்துவிடுவோம். தண்ணீருக்கு ஒரே சொம்பு, அதை எல்லாருமே அண்ணாந்து தூக்கித்தான் குடிப்போம், ஒருத்தி எச்சில் இன்னொருத்திக்குப் போகக்கூடாது என்று எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். அதனால் அங்கே எதுவும் தெரியாது. என் வீட்டுக்கு வந்தால்தான் தெரியும். சில்வர் டம்ளரில் டீ கொடுத்தால், "ஆறட்டும் சுருளி, சூடு எனக்கு ஆகாது" என்று சின்னக்கா அதைப் பக்கத்தில் வைத்துவிடுவாள். பேசிக்கொண்டே இருப்பாள். டீயில் ஏடு படிந்து, அது சில்லிட்டுப் போன பிறகு, டம்ளரை எடுத்து, அண்ணாந்து, உதடு படாமல், வாய்க்கு ஒரு சாண் மேலே இருந்து ஊற்றிக்கொள்வாள். டீயைத் தூக்கிக் குடிக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அது அவளுடைய பழக்கமா, இல்லை என் வீட்டு டம்ளர் என்பதாலா? இந்தக் கேள்வியைத் துவைக்கும்போதும் நினைத்தேன், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நினைத்தேன். அவள் வீட்டுக்குள் போய், அவள் தன்னுடைய டம்ளரில் எப்படிக் குடிக்கிறாள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் அவள் வீட்டில் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நான் போனதில்லை. கூப்பிட்டால் அவளே வெளியே வந்துவிடுவாள், சிரித்துக்கொண்டே, கையில் எனக்கு ஏதாவது தின்பண்டத்தோடு.

ரேணுகா இப்போது சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். ஒருநாள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலேயே அவள் சொன்னாள்: "அவுக உனக்குச் சிநேகிதி இல்லம்மா. கூட வேலை பாக்குறவுக. அம்புட்டுதான்."   இதற்கு நடுவில் சின்னக்காவின் மகன் அவளைத் திருப்பூருக்குத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் போகிறாள், இனி இங்கே வர வேலை இல்லை. எனக்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் அதற்குள் தெரிய வேண்டும், தெரிந்த பதில் கெட்டதாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதும் தெரிய வேண்டும். இந்த நிலைமையில்தான் நாங்கள் ஊர் சுற்றப் போனோம்.

திராட்சைத் தோட்டம் சவரிமுத்து அண்ணனுடையது. பன்னீர் திராட்சை போட்டு ஒயின் தயாரிக்கிற உரிமம் வைத்திருக்கிறார். வருசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திராட்சைப் பெட்டி கட்டுகிற கொட்டகையைக் கழுவிவிட்டு, சுவர் முழுக்கச் சுற்றுவட்டாரத்தில் படம் வரைகிறவர்களின் படங்களை மாட்டி, வருகிறவர்களுக்கு ஒயின் ருசி காட்டி, கறிச்சோறு போட்டு அனுப்புவார். மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் காரில் வருவார்கள். அந்த வருசம் ரேணுகா வரைந்த படத்தையும் மாட்டியிருந்தார். "ஆத்தாவையும் அவுக சிநேகிதிகளையும் கூட்டிட்டு வா" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

பஸ்ஸில் தேவாரம் வரும்போது, கேஸை அணைத்தேனா என்று கேட்டேன். உத்தமபாளையத்தில் இன்னொரு முறை கேட்டேன்.

"அணைச்சிட்ட. நான்தான் பார்த்தேனே" என்றாள் தங்கபுஷ்பம்.

"நீ எங்கடி பார்த்த, வாசல்லதானே நின்ன?"

"வாசல்ல இருந்தே பார்த்தேன். இந்தா, எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு பேசாம வா. வாந்தி வந்தா என் மேல எடுக்காத, புதுச் சேலை."

சின்னக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நான் இன்னைக்கு அந்த ஒயினைக் குடிச்சுப் பாக்கத்தான் போறேன்" என்றாள். "செத்துப் போன மனுசன் எதைக் கண்டு அப்படிக் குடிச்சாருன்னு தெரிஞ்சுக்கிறாம திருப்பூர் போனா எனக்குத் தூக்கம் வராது."

"அவரு குடிச்சது ஒயினா சின்னக்கா?"

"இல்லடி. அதைக் குடிக்க எனக்கென்ன கிறுக்கா. இது அதுக்குத் தங்கச்சின்னு வச்சுக்க."

பந்தல் பந்தலாகத் திராட்சை. தலைக்கு மேலே இலை, இலைக்கு நடுவில் கறுத்த குலை, குலைக்கு நடுவில் துண்டு துண்டாக வெயில். குனிந்து குனிந்து நடந்து கொட்டகைக்குப் போனோம். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவரில் படங்கள்: நீல நிறத்தில் ஒரு மாடு, மேகம் இறங்கிய மேகமலை, வாழைத்தார் சுமக்கிற ஒரு கிழவர், என்னவென்றே தெரியாத ஒன்று, அதன் முன்னால்தான் கூட்டம் அதிகம். கடைசியில் ரேணுகாவின் படம். எங்கள் ஸ்டோர். கூடைகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெண்கள் தண்ணீர் குடிக்கிற நேரம். எல்லாருக்கும் முன்னால் ஒருத்தி அண்ணாந்து நிற்கிறாள், கையில் தூக்கிய சொம்பு, சொம்பிலிருந்து வெள்ளிக் கம்பி போலத் தண்ணீர் இறங்குகிறது, இறங்கி, வாய்க்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. அந்த இடத்தில் ரேணுகா வெறும் சுவரைத்தான் வரைந்திருந்தாள்.

"இது நான்தானே?" என்றாள் சின்னக்கா. ரேணுகா ஆமாம் என்றாள். சின்னக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் மூக்கு இம்புட்டு பெருசா இருக்கா, இத்தன வருசமா ஒருத்தி சொல்லலையே" என்றாள்.

காதில் கடுக்கன் போட்ட ஒரு மதுரைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தண்ணி எப்பம்மா வாயில விழும்?" என்று கேட்டார்.

"விழாது சார். படந்தானே" என்றாள் ரேணுகா. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள்.

ஒயின் மேஜையில் நின்றவள் சவரிமுத்து அண்ணனின் மருமகள் பிலோமினா. எங்களை நிறுத்தி வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "முதல்ல வெளிச்சத்துல பாக்கணும். அப்புறம் கிளாஸைச் சுத்தணும். அப்புறம் மோக்கணும். ஒரு வாய் எடுத்து நாக்குல உருட்டணும். முழுங்க வேணாம்னா இந்தப் பானையில துப்பிரலாம்."

சின்னக்கா அந்த மண்பானையை எட்டிப் பார்த்தாள். "திங்கிற மேஜையிலயா? எச்சியவா?"

"மதுரைக்காரவுக அப்படித்தான் கேக்குறாக அக்கா. எங்களுக்கும் முதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

நாங்கள் வெளிச்சத்தில் பார்த்தோம், சுற்றினோம், தங்கபுஷ்பம் சுற்றிய சுற்றில் பாதி அவள் புதுச் சேலைக்குப் போனது, பிறகு மோந்தோம். என்ன வாசனை வருகிறது என்று பிலோமினா கேட்டாள். ஏலக்காய் என்றேன் நான். ஏலக்காய் என்றாள் தங்கபுஷ்பம். ஏலக்காய் என்றாள் சின்னக்கா. இதில் ஏலக்காயே போடவில்லை என்றாள் பிலோமினா. அது எங்கள் விரலில் இருக்கிறது, போகாது.

பிறகு சின்னக்கா கிளாஸின் மெல்லிய காலைச் சொம்பைப் பிடிப்பது போல முஷ்டியால் பிடித்து, அண்ணாந்து, தூக்கி ஊற்றினாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் தொண்டைக்குழி ஏறி இறங்கவில்லை.

"என்னக்கா, இன்னும் ஊத்தலையா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஊத்திட்டேன்டி" என்றாள் சின்னக்கா, வாயைத் திறந்தபடியே. "வரல."

கிளாஸின் விளிம்பிலிருந்து சிவப்பாக ஒரு நூல் இறங்கி, அவள் வாய்க்கு ஒரு சாண் மேலே வந்து நின்றிருந்தது. ஆடவில்லை, சொட்டவில்லை. ஜன்னல் வெயில் அதில் பட்டு, அவள் கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அவள் கிளாஸை நிமிர்த்தினாள். தச்சரின் டேப் தன் டப்பிக்குள் சுருண்டு போவது போல நூல் மேலேறிக் கிளாஸுக்குள் போய்விட்டது.

தங்கபுஷ்பமும் தூக்கி ஊற்றிப் பார்த்தாள், நின்றது. நானும் ஊற்றிப் பார்த்தேன், நின்றது. கடுக்கன்காரர் உதட்டை வைத்து உறிஞ்சினார், அவருக்குப் போனது. அவருடைய டிரைவர் பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடிக்கப் பார்த்தார், அது நின்றது. பிலோமினா பாட்டிலிலிருந்து அடுத்த கிளாஸுக்கு ஊற்றினாள், நடுவில் நின்றது. பாட்டிலின் வாயைக் கிளாஸின் விளிம்பில் படும்படி சாய்த்தாள், போனது. தொட்டால் போகும், தொடாவிட்டால் போகாது. இவ்வளவுதான் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்துவிட்டது.

சவரிமுத்து அண்ணன் வந்து பார்த்தார். "போன வருசம் ஒயினு புளிச்சிருச்சு. அதுக்கு முந்தின வருசம் குளவி வந்துச்சு. இந்த வருசம் இது. குடிக்கிறவுக வாய்க்குப் போனாச் சரி" என்று சொல்லிவிட்டு, சுக்கா வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கொட்டகை ஒரு மாதிரி அழகாகிவிட்டது. சிலர் வேண்டுமென்றே தூக்கி ஊற்றி, கிளாஸைக் கம்பியில் சாய்த்துக் கட்டி, நூலை அப்படியே நிற்க விட்டுப் பார்த்தார்கள். சிவப்பு நூல், ரோஜா நிற நூல், தேன் நிற நூல் என்று படங்களுக்கு முன்னால் அங்கங்கே தொங்கின, ஜனங்கள் அவற்றில் தலை இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து படம் பார்த்தார்கள், ஒரு தேன்சிட்டு உள்ளே வந்து ஒரு நூலின் நுனியில் மூக்கை வைத்து ஒயினை உறிஞ்சிவிட்டு நேராகப் பறக்க முடியாமல் போனது. தோட்டத்து மோட்டார் குழாயில் வெளியே வந்த தண்ணீரும் தொட்டிக்கு மேலே நின்றுவிட்டது, வேலையாட்கள் தகரம் ஒன்றைச் சாய்த்து வைத்து அதைத் தொட்டியோடு சேர்த்துவிட்டார்கள். யாரோ சுருளிப்பட்டியில் இருக்கும் சொந்தக்காரருக்கு போன் போட்டு, அருவி விழுகிறதா என்று கேட்டார்கள். விழுகிறது, பாறையைத் தொட்டுக்கொண்டுதானே விழுகிறது என்று பதில் வந்தது.

சாயங்காலத்துக்குள் அது கம்பம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டதையும், மறுநாள் போடி வரை வந்துவிட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டீ ஆற்றுகிறவர்கள் கையைத் தூக்க முடியாமல் டம்ளரையும் குவளையையும் ஒட்டவைத்து ஆற்றினார்கள், நுரை குறைந்தது என்று ஜனங்கள் குறைப்பட்டார்கள். கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற பூசாரி, எட்டத்தில் இருந்து ஊற்றிப் பழகியவர், கரண்டி ஒவ்வொரு உள்ளங்கையிலும் பட்டால்தான் தீர்த்தம் இறங்கும் என்றானதும் ஒருநாள் நடை சாத்திவிட்டு வீட்டில் இருந்தார், மறுநாள் வந்து, பேசாமல், ஒவ்வொரு கையாகத் தொட்டுத் தொட்டு ஊற்றினார். ஆடி பிறந்து காற்று மாறிய ஒரு காலையில் எல்லாம் பழையபடி விழத் தொடங்கியது. அன்றைக்கே பழையபடி தூக்கிக்கொண்டவர்களும் உண்டு. மறந்துபோய்த் தொட்டே ஊற்றிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

தோட்டத்தில் மதியம் பந்தி போட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, ஆட்டுச் சுக்கா, தண்ணியாக ஒரு ரசம். சோறு விழுந்தது, கறி விழுந்தது. குழம்பும் ரசமும் கரண்டியைவிட்டு இறங்கி இலைக்கு மேலே நின்றன. பரிமாறுகிறவர்கள் கரண்டியை இலையில் பட வைத்துத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு இலையைத் தொட்ட கரண்டி அடுத்த இலையைத் தொட்டது. முதல் இலைக்காரர் இரண்டாம் இலைக்காரரைப் பார்த்தார், இரண்டாம் இலைக்காரர் மூன்றாவது ஆள் யாரென்று பார்த்தார், கரண்டி அதற்குள் ஐந்தாம் இலைக்குப் போயிருந்தது. சுக்கா மணம் வேறு மூக்கில் ஏறியது. எழுந்து போனவர் ஒரே ஒருவர், அவரும் மறு பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டார். குனிந்து குனிந்து பரிமாறியவர்களுக்குத்தான் இடுப்பு போனது.

சுக்கா அப்படி ஒரு காரம். எல்லாரும் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். சின்னக்கா குடிக்கவில்லை. மேலுதட்டில் வேர்வை கட்டி, கண் கலங்கி, சும்மா உட்கார்ந்திருந்தாள். தோட்டத்து ஆட்கள், அவளைப் போல நான்கைந்து பேர் தவிப்பதைப் பார்த்து, பப்பாளித் தண்டை ஒடித்து, குழல் குழலாக நறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் முதல் ஆளாக ஒன்றை வாங்கி, டம்ளரைத் தொடாமல், தண்டை மட்டும் தண்ணீருக்குள் விட்டு உறிஞ்சினாள்.

 வழி இல்லாமல் போனால் என்ன செய்வாள் என்று பார்க்கக் காத்திருந்தேன், அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

தங்கபுஷ்பம் சும்மா இருப்பாளா. "எக்கா, அது பப்பாளிப் பாலு, கசக்கும். பேசாம வாய வச்சுக் குடிங்க. எங்க வேதக்கோயில்ல ராப்போசனத்துக்கு ஊரே ஒரு கிண்ணத்துல வாய் வைக்கிது, ஒருத்தருக்கும் வாய் அழுகிப் போகல."

"பழக்கமில்லடி."

"உங்க வீட்டுலயுமா?"

"எங்க வீட்டுலயுந்தான்" என்றாள் சின்னக்கா, இலையைப் பார்த்துக்கொண்டு.

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள். எதிர்வரிசையில் ரேணுகா என்னைப் பார்த்தாள். நான் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்பட்டு, பதிலும் வந்துவிட்டது, நல்ல பதிலாகவே வந்துவிட்டது. ஆனால் அதை எடுத்து வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. பொறுக்கும்போது சில காய் பார்வைக்குப் பச்சையாக இருக்கும், விரலுக்கு மட்டும் உள்ளே விதை இல்லை என்று தெரியும். அப்படி இருந்தது.

சாப்பிட்ட பிறகு தங்கபுஷ்பம் அடுத்த கிளாஸ் ஒயினுக்குப் போனாள். நான் பையை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்தேன். சின்னக்காவும் வந்தாள். மதிய வெயில் இலைகளுக்கு மேலேயே நின்றுவிட, கீழே பச்சை இருட்டு.  திருப்பூரில் வீடு மாடியில் இருக்கிறதாம், ஏறி இறங்கத்தான் கஷ்டம் என்றாள். நான் உம் கொட்டினேன். பேரனுக்குத் தமிழ்ப் பாடம் வரவில்லையாம். அதற்கும் உம் கொட்டினேன். அப்போது அவளுக்கு விக்கல் பிடித்தது.

சுக்காக் காரத்தில் வந்த விக்கல். சாதாரணமானதில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"உங்க மகன் நினைக்கிறாரு போல" என்றேன்.

"அவன் நினைச்சா... போன் பண்ண மாட்டானா" என்றாள், நடுவில் ஒரு விக்கலோடு.

மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் கறுத்துப் போனது. பப்பாளித் தண்டு கொட்டகையில் இலையோடு போய்விட்டது. எங்கே போனாலும் வெளித் தண்ணீர் சேருமோ சேராதோ என்று நான் வீட்டுத் தண்ணீரையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போகிறவள். பாட்டிலை டம்ளர் விளிம்பில் வைத்துச் சாய்த்து ஊற்றி, அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கினாள். அண்ணாந்தாள். தூக்கி ஊற்றினாள். தண்ணீர் ஒரு சாண் மேலே நின்றது. அவள் கண்ணை மூடி வாயைத் திறந்து, எவ்வளவு நேரமானாலும் விழும் என்பதுபோலக் காத்திருந்தாள். விக்கல் அவளைக் குலுக்கியது, தண்ணீர் குலுங்கவில்லை. கடைசியில் டம்ளரை இறக்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சுருளி" என்றாள். "எங்க வீட்டுல நான் வாய் வச்சுத்தான் குடிப்பேன்."

நான் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினேன்.

"எனக்குன்னு ஒரு டம்ளர் இருக்கு. அதுல சூடா, வாய் வச்சு, ஊதி ஊதிக் குடிப்பேன். பந்தியில அவ கேட்டப்ப பொய் சொன்னேன்." ஒரு விக்கல். "சின்னதுல சொல்லிக் குடுத்தாக. யார் வீட்டுல எப்படிக் குடிக்கணும்னு. சொன்னவுக எல்லாரும் போய்ச் சேந்துட்டாக. நான் மட்டும் உன் டீய ஆற வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆறிப்போன டீ எப்படி இருக்கும்னு நினைக்கிற? வாயில வைக்க விளங்காது. அதையும் நல்லாருக்குன்னு சொல்லிக் குடிச்சிருக்கேன்."

"இத்தன வருசமா?" என்றேன்.

"இத்தன வருசமாத்தான்."

எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. தெரிந்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. திராட்சை இலை ஒன்று காற்றில்லாமலே திரும்பிக்கொண்டது. சொல்லாமலே இவள் திருப்பூர் போயிருக்கலாமே என்று இருந்தது, சொல்லாமல் போயிருந்தால் நான் சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பேனே என்றும் இருந்தது.

சின்னக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டில் வைத்துக் குடித்தாள். மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. பாதியில் நிறுத்தி, விக்கல் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. டம்ளரைக் கழுவவில்லை, முந்தானையால் துடைக்கவும் இல்லை. அப்படியே என்னிடம் நீட்டி, "மிச்சத்தக் குடி. உனக்குந்தான் காரம்" என்றாள்.

வாங்கினேன். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது. அண்ணாந்துவிட்டேன். தண்ணீர் என் வாய்க்கு மேலே ஒரு சாணில் நின்றது.

சின்னப் பிள்ளையில் மேலத்தெருப் பக்கம் வேலைக்குப் போனால், தாகம் என்று கேட்டால், குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்துக்கொள்ள வேண்டும், எட்டத்தில் இருந்து ஊற்றுவார்கள். எப்போதாவது அவர்கள் பாத்திரம் கைக்கு வந்தாலும் அதில் நம் உதடு பட்டுவிடக்கூடாது, தூக்கித்தான் குடிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் என் கையில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் கை கற்றது ஒன்றுக்காக, என் கை கற்றது இன்னொன்றுக்காக. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் என் கை தூக்கியது அந்தப் பழக்கத்தாலா, இல்லை அவள் வாய் வைத்ததை நான் குடிக்க மாட்டேன் என்ற கோபத்தாலா என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை.

சின்னக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சுருளி" என்றாள், மெதுவாக. "பழக்கமா, இல்ல நான் வாய் வச்சதாலயா?"

அந்தக் கேள்வியும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன். தண்ணீர் இலை வெளிச்சத்தில் பச்சையாக நின்றது, அதன் நுனியில் என் வாய் தெரிந்தது. கொட்டகைப் பக்கமிருந்து தங்கபுஷ்பம் பெரிய குரலில் எதற்கோ சிரிப்பது கேட்டது. சின்னக்கா இரண்டு கையும் தொங்க, காத்துக்கொண்டு நின்றாள்.

கழுத்து வலித்தது. டம்ளரை இறக்கினேன். அவள் வாய் வைத்த இடத்தில் சுக்கா எண்ணெய் பிறை மாதிரி ஒட்டியிருந்தது. டம்ளரைத் திருப்பிக்கொள்ளாமல் அந்த இடத்திலேயே வாயை வைத்துக் குடித்தேன். தண்ணீரெல்லாம் மிளகாய். தொண்டையில் இறங்கும்போதே எனக்கும் விக்கல் பிடித்துக்கொண்டது, சின்னக்கா கிட்டே வந்து, என் உச்சந்தலையில் ஓங்கித் தட்டினாள். வலித்தது. இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.